முன்னோடிக்கு முன் இருமாதீர்

மார்ச் 11, செவ்வாய். இன்று என் தவறு ஒன்றைக் கண்டுபிடித்தேன். சிறிய தவறு. ஜனவரிச் சோதனையில், மாதிரிகளை விட்ட குழித்தட்டைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, ‘சிறிய’ என்ற சொல்லை அவள் அடித்தாள். அடித்தது மிகையாகத் தோன்றவே, அதற்கு மேலே மறுபடியும் ‘சிறிய’ என்று எழுதினாள். பிறகு பேனாவை மூடிவிட்டு இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டாள். காதுகள் சுட்டன.

பன்றி இறைச்சித் தர மேம்பாட்டு நிலையத்தில் அவள் பரிசோதனைக்கூட உதவியாளர். தற்காலிகப் பணி. பன்றியின் முதுகிலிருந்து மயிரை வேரோடு பிடுங்கிவந்து, வேரைக் கரைத்து, அதில் எந்த மரபணு எந்த மாதிரி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது பகல் வேலை. மாலையில் மரபியல் சான்றிதழ் வகுப்பு. வினை அந்த வகுப்பில்தான் வந்தது. “படம் கைக்கு வந்ததும் முதல்ல ரெண்டு ஓரத்தையும் பாருங்க. நடுவுல இருக்கறதுக்கு அப்புறம் வரலாம்” என்றார் ஆசிரியை. பயிற்சிக்கென்று அவள் நிலையத்திலிருந்து கொண்டுபோயிருந்தது, ஜனவரிச் சோதனையின் முடிவைக் கோடுகளாகக் காட்டும் படம்.

ஓரங்களைப் பார்த்தாள். வரிசையின் முதல் குழியில் வெறும் தண்ணீர்தான் விடுவார்கள். அங்கே ஒன்றும் தெரியக்கூடாது. கடைசிக் குழியில், விடை ஏற்கனவே தெரிந்த சோதனை மாதிரி ஒன்றை விடுவார்கள். அங்கே கோடு தெரியவேண்டும். இந்தப் படத்தில் முதல் குழியில் கோடு பளிச்சென்று தெரிந்தது. கடைசிக் குழி துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. அதாவது, வெறும் தண்ணீருக்கு மரபணு இருக்கிறது என்று அந்தப் படம் சொல்லிற்று. அதுவும் நல்ல தரமான மரபணு. கீழே மூன்று அதிகாரிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே, ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் அவள் கையெழுத்து. மற்ற மூன்றையும்விட அழகாக இருந்தது.

தட்டு தலைகீழாகப் போனால் என்ன ஆகும்? நடுவில் எட்டு ஆண் பன்றிகளின் மாதிரிகள். அவற்றில் நடு ஆறு பன்றிகளுக்கும் விடை ஒன்றுபோலவே இருந்ததால், எப்படித் திருப்பினாலும் மாறாது. முதலாம் பன்றிக்கும் எட்டாம் பன்றிக்கும்தான் விடை இடம் மாறியது. எட்டாம் பன்றிக்கு இருந்த நல்ல குணமெல்லாம் முதலாம் பன்றியின் பேரில் ஏறிற்று. முதலாம் பன்றிக்கு இருந்த பயத்து மரபணு எட்டாம் பன்றியின் தலையில் விழுந்தது.

பயத்து மரபணு என்பது நிலையத்துக்காரர்கள் வைத்த பெயர். அதன் ஒரு வடிவம் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரண்டு பிரதியாக வந்துவிட்டால், பன்றிக்குச் சதை திரண்டு வரும், முதுகுக் கொழுப்பு குறையும், பார்க்க மல்லன் மாதிரி இருக்கும். ஆனால் அதிர்ந்து பேசினால் செத்துப்போகும். சாகாமல் இறைச்சிக்கூடம் வரைக்கும் போனாலும், போகிற வழியில் மிரண்டிருந்தால் கறி வெளுத்து, தொளதொளத்து, தட்டில் தண்ணீராய் வடியும்.

நிலையம் முதலாம் பன்றிக்கு ‘முன்னோடி’ என்று பெயர் சூட்டியது. அதன் விந்து, பன்றி வளர்க்கும் குடும்பங்களுக்கு விழா எடுத்து வழங்கப்பட இருந்தது. எட்டாம் பன்றிக்குப் பெயர் வைக்கவில்லை. அதற்கு விதை நீக்கி, கொழுக்கவைத்து, போன வெள்ளிக்கிழமை கேன்டீனில் சமைத்துப் போட்டுவிட்டார்கள். அவள் இரண்டாம் முறையும் கறிக்குத் தட்டை நீட்டியவள்.

மறுநாள் காலை அவள் முதலில் போனது சதைத் துறைத் தலைவரிடம். நடைபாதையில் அவர் அறைக்கு எதிரே கொழுப்புத் துறைத் தலைவரின் அறை. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முதுகுக் கொழுப்பு குறைந்தால் இவருக்குப் பதவி உயர்வு. சதைக்குள் கோடு கோடாக ஓடும் கொழுப்பு கூடினால் அவருக்குப் பதவி உயர்வு. ஒரே பன்றியின் தோலுக்கு அடியில், ஒரு விரற்கடை தூரத்தில் இரண்டு துறைகளும் எல்லைத் தகராறு செய்துகொண்டிருந்தன.

“சார், முன்னோடிக்குப் பயத்து மரபணு ரெண்டு பிரதியும் இருக்கு சார். நான் தட்டைத் திருப்பி வெச்சிட்டேன்.”

“இருந்தா என்ன?”

“மிரண்டா செத்துடும் சார். குட்டிங்களுக்கும் போகும். தாய்ப்பன்றிகிட்டயும் ஒண்ணு இருந்துச்சுன்னா பாதிக் குட்டி அதே மாதிரிதான். நாம முன்னாடி வித்த பெட்டைங்க நிறைய பேருக்கு இருக்கு சார். கறியும் தண்ணி விடும்.”

“கறி தண்ணி விடறது செத்ததுக்கு அப்புறம்தானேம்மா? எங்க துறை உயிரோட இருக்கறப்ப எவ்வளவு சதைன்னுதான் பாக்கும். அது தொடையைப் பாத்திருக்கியா? கண்ணு பட்டுடும்.”

“அந்தத் தொடையே அந்த மரபணுவால வந்ததுதான் சார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். நல்ல மரபணும்மா அது” என்று அவர் முகம் மலர்ந்தார். “கொழுப்புக்காரர் காதுல போட்டுடாதே.”

அவள் நேரே நடைபாதையைக் கடந்து கொழுப்புக்காரர் காதில் போட்டாள். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப, சதைக்குள்ள கொழுப்பு ஓடற குணம் முன்னோடிக்கு இல்லையா?”

“இல்ல சார். அது எட்டுக்குத்தான்.”

“எட்டு இப்ப எங்க?”

“சாப்பிட்டுட்டோம் சார்.”

அவர் கண்ணை மூடினார். அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. “வெள்ளிக்கிழமையா?”

“ஆமா சார்.”

“அப்படியே வாயில கரைஞ்சுதேம்மா. சமையல்காரருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வேற குடுத்தோமே.” கொஞ்ச நேரம் யோசித்தார். “குடுத்த சான்றிதழைத் திருப்பி வாங்கற வழக்கம் நம்மகிட்ட இல்ல. அதனால அது சமையலாலதான் நல்லா இருந்துச்சு. புரியுதா?”

புரிந்தது. புரிந்ததுதான் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இயக்குநர் அறையில் அவரும் இரண்டு தலைவர்களும் கூடினார்கள். அவள் நின்றுகொண்டாள். இயக்குநர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

“தப்பு யார் வேணாலும் செய்யலாம்மா” என்றார் இயக்குநர். “ஆனா முடிவு வந்தாச்சு. முடிவை ஏத்துக்க நம்மகிட்ட ஒரு நடைமுறை இருக்கு. அதைப் பாராட்ட ஒரு நடைமுறை இருக்கு. விழா எடுக்க இருக்கு. வாபஸ் வாங்க இல்ல. நான் வந்ததுக்கு அப்புறம் அந்த மாதிரி தேவையே வந்ததில்லை, தெரியுமா?”

“மறுபடி சோதனை பண்ணிப் பாக்கலாம் சார். ரெண்டு நாள் வேலைதான்.”

“பண்ணி, வேற முடிவு வந்தா?”

“வேற முடிவுதான் சார் வரும்.”

“பாத்தியா? நமக்குள்ளயே சண்டை. சரி, நீயே சொல்லு. மிரண்டாத்தானே சாகும்?”

“ஆமா சார்.”

“மிரளாம பாத்துக்கிட்டா?”

“சாகாது சார். ஆனா—”

“அப்ப இது மரபணுப் பிரச்சினையே இல்லை. நிர்வாகப் பிரச்சினை” என்று இயக்குநர் மேசையைத் தட்டப்போனவர், முன்னோடியின் கொட்டகை ஜன்னலுக்கு நேரே இருப்பது நினைவு வந்து, கையை மெல்ல இறக்கிப் பஞ்சு போல் மேசைமேல் வைத்தார். அமைதிக் குழு அந்த நொடியில் பிறந்தது. ஆபத்தை முதலில் உணர்ந்தவள் என்பதால் அவளையே அதற்குச் செயலாளராக்கினார்கள். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. தற்காலிகப் பணிக்காரி வேண்டாமென்று சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில், வாய் தானாகவே “சரி சார்” என்றது.

அன்று மாலைக்குள் நிலையம் முழுவதும் அறிவிப்பு ஒட்டினார்கள்: முன்னோடிக்கு முன் இருமாதீர். கதவுகளுக்கு எண்ணெய் போட்டார்கள். தொலைபேசியைத் துண்டில் சுற்றி வைத்தார்கள். அதன்பின் யாரும் அழைக்கவில்லை என்று இயக்குநர் மகிழ்ந்தார். பலமாகத் தும்மும் வழக்கமுள்ள கணக்கரைத் தீவனக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் போகும்போது அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கேன்டீனில் பாத்திரம் கழுவும் சத்தத்தைத் தவிர்க்க, கழுவுவதையே நிறுத்தினார்கள். ஊழியர்கள் சாக்குத் துணியில் தைத்த செருப்போடு நடந்தார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்பும் அந்தக் கட்டடத்தில் வேலைச் சத்தம் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் உத்தரவு எழுதியது அவள்தான். மாலை வகுப்பில் பெற்ற பயிற்சியால் ஒவ்வொன்றையும் எண் போட்டு, நோக்கம், முறை, எதிர்பார்க்கும் பயன் என்று பிரித்து எழுதினாள். “உன் எழுத்து இருக்கே, படிக்கறதுக்கே நிம்மதியா இருக்கு” என்றார் இயக்குநர். அவளுக்கு உள்ளே கொஞ்சம் குளிர்ந்தது. குளிர்ந்ததற்காக அன்றைக்கெல்லாம் தன்னையே வைதுகொண்டாள்.

பிறகு ஒத்திகை. முன்னோடியை வைத்து ஒத்திகை பார்த்தால் அதற்குப் பதற்றம் ஏற்படும் என்று கொழுப்புத் தலைவர் சொன்னார். பன்றி இடத்தில் வேறு யாரையாவது வைக்கலாம் என்று சதைத் தலைவர் சொன்னார். பல ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன விஷயம் இது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

காலிக் கொட்டகை ஒன்றில் வைக்கோல் பரப்பி அவளை முழங்காலிட்டு உட்காரவைத்தார்கள். முதலில் சதைத் தலைவர் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவளைச் சுற்றி நடந்து பார்த்தார். அடுத்து கொழுப்புத் தலைவர். கடைசியில் இயக்குநர் வந்து குனிந்து, நீல ரிப்பனில் கோத்த பதக்கத்தை அவள் கழுத்தில் போட்டார். ரிப்பன் காதில் மாட்டிக்கொண்டது. “மன்னிக்கணும்” என்று பன்றியிடம் பேசும் குரலில் கிசுகிசுத்தார். அவருடைய உரையை முழுவதும் அவள் முகத்துக்கு நேரே கிசுகிசுத்து முடித்தார். பன்றிகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்காரர் அந்நேரம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். மரியாதைக்குத் திரும்பினாரா, சிரிப்பை அடக்கத் திரும்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் தோள்கள் குலுங்கின.

“பன்றிக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் சதைத் தலைவர், குறிப்பேட்டைத் திறந்தபடி.

“சார்?”

“பயம் இருந்துச்சா, பதற்றம் இருந்துச்சா?”

“இல்ல சார். வெக்கமா இருந்துச்சு.”

“வெக்கத்துக்கு இதுல கட்டமே இல்லையே” என்று அவர் இயக்குநரைப் பார்த்தார்.

“பயமில்லைன்னு போட்டுக்குங்க” என்றார் இயக்குநர்.

விழா நாளன்று மைதானத்தில் நாற்காலிகளின் கால்களுக்குத் துணி சுற்றியிருந்தது. அவளுடைய அக்காவும் மாமாவும் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய இரண்டு பெட்டைப் பன்றிகளும் இந்த நிலையத்தில் வாங்கியவை. மூத்ததற்கு நாளைக்குள் பருவம் வந்துவிடும் என்று அக்கா நாள் பார்த்து வந்திருந்தாள். இந்த ஈற்றுக் குட்டிகளை நம்பித்தான் மாமா புதுக் கொட்டகைக்குக் கூரை போட்டிருந்தார். உள்ளே வரும்போதே வாசலில் அவளைப் பார்த்து அக்கா சைகையால் கேட்டிருந்தாள்: சாப்பிட்டியா? அவள் ஆமென்று தலையாட்டினாள். சாப்பிட்டிருக்கவில்லை.

கை தட்டுவதற்குப் பதிலாக இரண்டு கைகளையும் தூக்கி அசைக்கவேண்டும் என்று ஒவ்வொருவர் கையிலும் குறிப்பு கொடுத்திருந்தார்கள். அதுவும் அவள் எழுதியதே. முன்னோடி மேடையில் வைக்கோல்மேல் படுத்திருந்தது. வந்த வேகத்தில் தூங்கிவிட்டது. அங்கே மனசாட்சி உறுத்தாமல் தூங்கியது அது ஒன்றுதான். அதன் குறட்டைதான் விழாவின் பெரிய சத்தம்.

இயக்குநர் ஒலிபெருக்கி இல்லாமல் கிசுகிசுத்தார். முதல் வரிசைக்கே கேட்கவில்லை. பன்றிக்கு விசிறிக்கொண்டு பக்கத்தில் நின்ற அவளுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“பெருமக்களே! இந்த நிலையம் எதையும் அவசரப்பட்டுக் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்ததை ஒருநாளும் கைவிட்டதில்லை. மரபணு பெரிதா, நிர்வாகம் பெரிதா என்று கேட்பவர்கள் இந்தப் பன்றியைப் பாருங்கள். இதன் உடம்பில் பயம் இருக்கலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. நாங்கள் அதை மறுக்கவில்லை, ஆராயவும் இல்லை. பயப்படுவதற்குக் காரணமான அனைத்தையும் நீக்கினோம். சத்தத்தை நீக்கினோம். கேள்விகளை நீக்கினோம். இப்போது பாருங்கள், எவ்வளவு அமைதி! இதே முறையைத்தான் நான் ஊழியர்களிடமும் கடைப்பிடித்து வருகிறேன். தகுந்த அதிகாரியின் முன் மரபணுவும் அடங்கி நடக்கும்.”

ஆயிரம் கைகள் சத்தமில்லாமல் காற்றில் அசைந்தன. பன்றி ஒரு காதை மட்டும் ஆட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தது. அது சாகவில்லை. சாகாததால், பயத்து மரபணு தீங்கற்றது என்று அங்கேயே, அப்பொழுதே நிரூபணமானது. சதைத் தலைவரும் கொழுப்புத் தலைவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள், சட்டை உரசும் ஓசை வராமல்.

அடுத்து அவளை மேடையின் நடுவுக்கு அழைத்தார்கள். அமைதிக் குழுச் செயலாளருக்குப் பாராட்டு. முன்வரிசையில் அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, வளையல் சத்தம் வரக்கூடாதென்று அவற்றை முழங்கைவரை ஏற்றிக்கொண்டு, அசைத்தாள். கண் கலங்கியிருந்தது. பக்கத்திலிருந்தவளிடம் திரும்பித் தன் நெஞ்சைத் தொட்டு, மேடையைக் காட்டினாள்: என் தங்கச்சி.

இப்போது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை பேரும் இங்கேயே இருக்கிறார்கள். ஒரே வாக்கியம். அவள் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

மைதானம் முழுவதும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தது. அக்காவும்தான் வைத்தாள், அன்பாக, பன்றியைக் கண்ணால் காட்டி.

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடியதும் மனசுக்கு அப்படியொரு நிம்மதி. யாரோ தடுத்துவிட்டார்கள், நானாக இல்லை. அந்த நிம்மதியை நினைத்துத்தான் மேடைப்படி இறங்கும்போது அவளுக்குக் கூசியது.

கீழே குப்பிகளை வழங்கத் தொடங்கியிருந்தார்கள். விந்துக் குப்பி ஒவ்வொன்றோடும் வளர்ப்போருக்கான அறிவுரைத் தாள் ஒன்று. முந்தின நாள் இயக்குநர் சொல்லச்சொல்ல அவள் எழுதியது. குட்டிகளின் முன் குரல் உயர்த்தாதீர். வெயிலைக் காட்டாதீர். லாரியில் ஏற்றும்போது அது லாரி என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்கூடத்துக்கு எதற்காகப் போகிறோம் என்பதைப் பன்றியின் முன் பேசாதீர். இவற்றை மீறி இறக்கும் பன்றிகளுக்கு வளர்ப்போரின் சுபாவமே பொறுப்பு.

அன்று மாலை அவள் வகுப்புக்குப் போகவில்லை. அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா குப்பி இருந்த தெர்மாகோல் பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்து, மேலே ஈரத் துணி போட்டிருந்தாள். மாமா அறிவுரைத் தாளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

“லாரின்னு தெரியாம எப்படிம்மா ஏத்தறது? கண்ணைக் கட்டணுமா? யாரு எழுதினது இதை?”

“நான்தான் மாமா.”

“ஓ” என்றார் மாமா. “எழுத்து நல்லா இருக்கு.”

“அக்கா, அந்தக் குப்பியை உபயோகிக்காதே.”

“ஏன்டி? கெட்டுப்போச்சா?”

அவள் சொன்னாள். முதலில் மரபணுவைச் சொல்ல ஆரம்பித்து, தாய் தகப்பன் பிரதி என்று சுற்றி, நடுவில் நிறுத்தி, “தட்டைத் திருப்பி வெச்சது நான்க்கா” என்று முடித்தாள். எட்டாம் பன்றியைச் சாப்பிட்டதையும் சொன்னாள். பதக்கம் போட்டுக்கொண்டு வைக்கோலில் உட்கார்ந்ததை மட்டும் சொல்லவில்லை.

அக்கா பெட்டியைப் பார்த்தாள். “நீ மேடைல நின்னப்ப, தெரியாதவங்ககிட்ட எல்லாம் என் தங்கச்சின்னு சொன்னேன்டி.”

“பாத்தேன்.”

“வாயைத் திறந்தியே, இதைச் சொல்லத்தானா? நான் வேற விரலை வெச்சேன்.” அக்கா அந்த விரலை முந்தானையில் துடைத்தாள், ஏதோ ஒட்டிக்கொண்டது போல.

“விடு விடு” என்றார் மாமா. “நம்ம குப்பியைக் கொட்டிடலாம். அடுத்த பருவத்துக்கு வேற எடத்துல பாத்துக்கலாம். உள்ள ஒரு ஆள் இருந்ததுல இது ஒரு லாபம்.”

“என்ன லாபம்?” அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “எனக்குப் பின்னாடி வரிசைல யாரு நின்னா தெரியுமா? எதிர்வீட்டுக்காரி. ஒரே ஒரு பெட்டை வெச்சிருக்கா. அதுவும் இவங்க நிலையத்துப் பெட்டைதான். நாளைக்கு அது குட்டிங்க ஹாரன் சத்தத்துக்குப் பொத்துப் பொத்துன்னு விழுந்தா, ‘உன் தங்கச்சி உனக்கு மட்டும் சொன்னாளா’ன்னு கேப்பாளா மாட்டாளா? நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் தண்ணிக்குப் போவேன்?”

“ஆபீஸ்ல சொல்லுவாங்க” என்றார் மாமா.

“சொல்லுவாங்களாடி?”

“மாட்டாங்க.”

“அப்ப யாரு சொல்றது?”

அவள் தரையைப் பார்த்தாள். அக்கா வீட்டுக்கு ஓடிவந்தபோது, உண்மையைச் சொல்லப் போகிறோம் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது பார்த்தால், வந்தது சொந்தக்காரர்களைக் காப்பாற்ற.

“வேலை போயிடும்க்கா.”

“போகும்” என்றாள் அக்கா. போகாது என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து அவள் முன் வைத்தாள். “காலைல சாப்பிடலைன்னு தெரியும். மொதல்ல தின்னு.”

மாமா அறிவுரைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்து வெளியே போய்க் கொட்டிவிட்டு வந்தார். வந்தவர், யாரையும் பார்க்காமல், “வண்டில பெட்ரோல் இருக்கு” என்றார்.

அவள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, எதிரே விளக்கெரிந்த வீட்டைப் பார்த்தாள். இப்போதே போகலாமா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

மார்ச் 28, வெள்ளி. நாளை வேலை: குப்பி வாங்கிய வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்வது. எதிர்வீட்டில் தொடங்கவேண்டும். அவர்கள் பன்றிக்குத் தீவனம் வைக்க விடியும்போதே எழுந்துவிடுவார்கள் என்று அக்கா சொல்கிறாள். கூட யாரும் வரவேண்டாம்.